ஆஸ்திரேலியாவில் அன்னையர் தினம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது வெளிநாட்டில் பிறந்தவர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் செய்தி இது. ஆகவே ஒரே தெருவில் அன்னையர் தினம் நான்கைந்து தேதிகளில் வருகிறது. ஒரு வீட்டில் வாழ்த்தாக நீட்டப்படும் பூ, அடுத்த வீட்டில் சாவு வீட்டுப் பூ. சம்பந்தி, மருமகள், பிள்ளையின் கூட்டாளியுடைய அம்மா, வேலையிடத்துத் தோழி என்று பல நாட்டாரோடு பழகும் தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

இங்கே அன்னையர் தினம் எந்த நாள்?

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. எந்த ஆண்டானாலும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். 2026இல் மே 10, 2027இல் மே 9, 2028இல் மே 14. இந்தியாவிலும் இலங்கையிலும் இதே ஞாயிறுதான்.

பரிசு கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஆன்னா ஜார்விஸ் என்பவர் தன் அம்மாவின் நினைவாக 1908இல் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் ஏற்பாடு செய்த வழிபாட்டிலிருந்து இந்த நாள் பரவியது. ஆஸ்திரேலியாவின் பரிசு வழக்கத்துக்குக் காரணம் வேறொரு பெண். சிட்னியின் லைக்ஹார்ட் பகுதியைச் சேர்ந்த ஜேனட் ஹெய்டன், நியூயிங்டனில் இருந்த அரசு மகளிர் இல்லத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போய்வந்தவர். பார்க்க வர ஆளில்லாமல் வயதான தாய்மார் பலர் அங்கே இருப்பதைக் கண்டார். 1924இல் பள்ளிப் பிள்ளைகளிடமும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் பரிசுப் பொருள்கள் திரட்டிக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தார். அப்படிப் பார்த்தால் இங்கே பரிசு முதலில் போய்ச் சேர்ந்தது சொந்த அம்மாவுக்கு அல்ல, கேட்க நாதியற்றிருந்த அடுத்தவர் அம்மாவுக்கு. முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்கள் பக்கத்து அறைக்கும் ஒரு பூங்கொத்து எடுத்துப் போங்கள்.

ஏன் எல்லாக் கடையிலும் வெள்ளைச் செவ்வந்தி? யாருக்கு அதைக் கொடுக்கக் கூடாது?

செவ்வந்தி, தமிழ்நாட்டார் சொல்லும் சாமந்தி, இரவு நீளும்போது மொட்டு விடும் செடி. தென்கோளத்தில் மே மாதம் இலையுதிர் காலம் என்பதால் அது இயல்பாகவே அப்போது பூத்துக் குலுங்கும். அதன் ஆங்கிலப் பெயரான கிறிசாந்தமம், அம்மாவை அழைக்கும் 'மம்' என்ற ஒலியில் முடிவதும் சேர்ந்துகொண்டது. அம்மா இருந்தால் நிறப் பூ, இல்லாவிட்டால் வெள்ளைப் பூ என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பழைய வழக்கமும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், சீனர், ஜப்பானியர், கொரியர் வீடுகளில் வெள்ளைச் செவ்வந்தி இறுதிச் சடங்குக்கு உரியது. சீனர்களுக்கு மஞ்சளும் அப்படியே. இத்தாலி, பிரான்ஸ், போலந்து நாட்டுக் குடும்பங்கள் நவம்பர் தொடக்கத்தில் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூவும் இதுதான். அந்த வீட்டுப் பாட்டி கையில் செவ்வந்திக் கொத்தைக் கொடுத்தால் புன்னகையோடு வாங்கிக்கொள்வார், ஆனால் உள்ளே கொண்டுபோய் வைக்க மாட்டார். சீனர், ஜப்பானியர், கொரியர் என்றால் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புக் கார்னேஷன் வாங்குங்கள், வெள்ளை வேண்டாம். தாய்லாந்துக்காரர் என்றால் மல்லிகை; அங்கே அம்மாவுக்கு அடையாளமான பூவே அதுதான்.

செர்பியா, ரஷ்யா, போலந்து வீடுகளுக்கு எண்ணிக்கையும் முக்கியம். உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை, இறந்தவருக்கு இரட்டைப்படை. கடையில் ரோஜா 10 அல்லது 12 என்றுதான் கட்டி வைத்திருப்பார்கள். ஒன்றை உருவி வீட்டிலேயே வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோங்கள்.

பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம். இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சீன நண்பருக்குப் பரிசு என்றால் கடிகாரத்தையும் தவிருங்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'இறுதிக் கடன் செய்வது' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி.

தொட்டிச் செவ்வந்தி பரிசாக வந்தது. பூ வாடியதும் எறிந்துவிட வேண்டுமா?

வேண்டாம். அதே செடி அடுத்த அன்னையர் தினத்துக்கும் பூக்கும்.

வந்த அன்றே தொட்டியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். பெரும்பாலான செடிகள் சாவதே அந்த உறைக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால்தான். வெளிச்சமான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். மேல்மண் 2 செ.மீ. காய்ந்த பிறகு மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இதழ் நனைந்தால் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். இப்படிப் பார்த்துக்கொண்டால் 3, 4 வாரம் பூ நிற்கும்.

பூ வாடியதும் தண்டைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு, வெயில் படும் இடத்தில் தரையில் நடுங்கள். குளிர்காலம் முடியும்போது அடியிலிருந்து புதுக் கன்றுகள் எழும். செப்டம்பர், அக்டோபரில் தோண்டிப் பிரித்து, கட்டை பாய்ந்த நடுப்பகுதியை எறிந்துவிட்டு, ஓரக் கன்றுகளை 40 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 15 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைத்த பின் கிளை நுனிகளையும் கிள்ளி, டிசம்பர் கடைசியோடு நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் கிள்ளிக்கொண்டிருந்தால் மொட்டுத் தள்ளிப் போய் மே தவறிவிடும்.

"இலை செழிப்பாக இருக்கிறது, மொட்டே இல்லை" என்று சொல்பவர்கள் இரவில் போய்ப் பாருங்கள். தெருவிளக்கோ வாசல் விளக்கோ செடிமேல் விழுந்துகொண்டிருக்கும். நீண்ட, இடையறாத இருட்டு கிடைக்காவிட்டால் இந்தச் செடிக்கு இலையுதிர் காலம் வந்ததே தெரியாது. இன்னொன்று: கடைச் செடியை மருந்து கொடுத்துக் குட்டையாக வைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு இடுப்பு உயரம் போனால் பயப்படாமல் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

எந்தச் சமூகத்தாருக்கு எந்த நாள்?

எகிப்து, லெபனான், சிரியா, ஈராக் உள்ளிட்ட அரபு நாட்டாருக்கு மார்ச் 21. எகிப்தியப் பத்திரிகையாளர் முஸ்தஃபா அமீன் முன்வைத்த யோசனைப்படி 1956இல் தொடங்கியது. சிட்னியின் மேற்குப் பகுதியில் லெபனான் குடும்பங்கள் பல, மார்ச்சிலும் மே மாதத்திலும் இரண்டு தடவை கொண்டாடுகின்றன. போலந்துக்காரருக்கு மே 26. தாய்லாந்துக்கு, அரசி சிரிகிட்டின் பிறந்தநாளான ஆகஸ்ட் 12. இந்தோனேசியாவுக்கு டிசம்பர் 22. கொரியாவில் மே 8 பெற்றோர் தினம்; அம்மா, அப்பா இருவர் நெஞ்சிலும் கார்னேஷன் குத்துவார்கள்.

நேபாளிகளின் நாள் அமாவாசையைப் பொறுத்தது, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும். வியட்நாமியப் பௌத்தர்களின் வூ லான், சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதப் பௌர்ணமி; பெரும்பாலும் ஆகஸ்டில். செர்பியர்களின் நாள் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரண்டாவது ஞாயிறு, அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அந்த ஞாயிறு காலையில் பிள்ளைகள் அம்மாவைக் கயிற்றாலோ ரிப்பனாலோ கட்டிப்போட, அவர் இனிப்புக் கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொள்வார்.

முஸ்லிம் குடும்பங்களில் இதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, பெருநாளுக்கு வெளியே வேறு விழா வேண்டாம் என்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உண்மையில் எந்த வீட்டுக்கும் இதுவே முதல் வேலை. "உங்கள் வீட்டில் அம்மாவுக்கு எந்த நாள்?" என்று கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லண்டனில் இருக்கும் அம்மாவுக்கு மே மாதம் அட்டை அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அங்கே அந்த நாள் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆகியிருக்கும். பிரிட்டனில் தவக்காலத்தின் நான்காவது ஞாயிறுதான் அன்னையர் ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு. 2027இல் அது மார்ச் 7. அந்த நேரத்தில் ஆஸ்திரேலியக் கடைகளில் அம்மா அட்டை கிடைக்காது. மே மாதமே கூடுதலாக ஓர் அட்டை வாங்கி அடுத்த மார்ச்சுக்கு எடுத்து வையுங்கள்.

பள்ளியில் அன்னையர் தினக் கடை என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் பெற்றோர் சங்கம் அந்த வாரத்தில் ஒரு நாள் சின்னக் கடை போடும். பிள்ளை தானே போய்ச் சோப்பு, மெழுகுவத்தி, குவளை என்று சில டாலருக்கு ஏதாவது வாங்கி, ஞாயிறு வரை ஒளித்து வைக்கும். சில்லறையை உறையில் போட்டு, மேலே பெயர், வகுப்பு, எத்தனை பரிசு என்று எழுதி அனுப்புங்கள். பெரிய நோட்டு அனுப்பினால் மீதிச் சில்லறை பிள்ளையின் கால்சட்டைப் பையிலிருந்து தொலையும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், வாசனைப் பொருள் வேண்டாம் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அம்மம்மாவோ அப்பம்மாவோ ஊரிலிருந்து வந்திருந்தால் அவருக்கும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அம்மாவை இழந்த பிள்ளை, அம்மா வேறு நாட்டில் இருக்கும் பிள்ளை, இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் பிள்ளை என்றால், இரண்டு வாரம் முன்பே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அட்டை செய்யும் அன்று காலையில் தெரியவந்தால் ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது, பிள்ளை வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அட்டையில் ஒரு சொல்லாவது தமிழில் இருக்கட்டும். 'அம்மா' மூன்றே எழுத்து. புள்ளி வைத்து ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் போட்டுவிட்டால், தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்து எழுதிவிடும்.

கொரிய மருமகள் தன் பிறந்தநாளில் அம்மாவை நினைத்து ஒரு சூப் குடிப்பாள். நாமே சமைத்துத் தரலாமா?

தாராளமாக. அதன் பெயர் மியோக்குக். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொரியாவில் நாள்தோறும் கொடுக்கும் பத்திய உணவு. அம்மா அன்று பட்ட பாட்டை நினைத்து, பிள்ளை தன் பிறந்தநாளில் அதைச் சாப்பிடுகிறது. அவள் அம்மா சியோலில் இருக்க, இங்கே மாமியார் அதைச் சமைத்து வைத்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மியோக் என்பது நம்மவர் நோன்புக்குக் காய்ச்சும் கடற்பாசி அல்ல. ஜப்பானியர் வகாமே என்னும் கரும்பச்சைக் கடல் இலை. நான்கு பேருக்குக் காய்ந்த இலை 20 கிராம் போதும். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், ஊறினால் எடை பத்து மடங்காகும். பொட்டலம் முழுவதையும் ஊறப்போட்டுவிட்டு அண்டா தேடுவதுதான் முதல் தடவை எல்லாருக்கும் நடக்கும் தவறு. 20, 30 நிமிடம் ஊறியதும் அலசிப் பிழிந்து நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி கொரிய எள்ளெண்ணெயில் 150 கிராம் மாட்டிறைச்சித் துண்டுகளை வதக்கி, இலையையும் போட்டு 3, 4 நிமிடம் பிரட்டுங்கள். நம் நல்லெண்ணெய் இதற்குச் சரிவராது, எள்ளை வறுத்துப் பிழிந்த வாசம் வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி நசுக்கிய பூண்டு, ஒரு மேசைக்கரண்டி சூப் சோயா சாஸ் சேர்த்து, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். வெங்காயம் சேர்ப்பதில்லை. மாட்டிறைச்சி புழங்காத வீட்டில் சிப்பியோ, காய்ந்த ஷிட்டாக்கே காளான் ஆறோ போடலாம். காளான் ஊறிய தண்ணீரையும் ஊற்றுங்கள். கடல் இலையில் அயோடின் மிக அதிகம், ஆகவே தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

அம்மா, மாமியார் இருவரும் இங்கே இருக்கிறார்கள். ஒரே ஞாயிறை எப்படிப் பங்கிடுவது?

காலையுணவு ஒருவரோடு, இரவுணவு ஒருவரோடு. அடுத்த ஆண்டு மாற்றுங்கள். மதியம் இருவரையும் ஒரே உணவகத்தில் உட்கார வைப்பது பல வீடுகளில் சரிவருவதில்லை, ஏனென்றால் பில்லை யார் கொடுப்பது என்பதிலேயே இரண்டு பக்கமும் முகம் சுருங்கும். உணவகம்தான் என்றால் மூன்று, நான்கு வாரம் முன்பே பதியுங்கள். அன்று பல இடங்களில் குறித்த பட்டியல் உணவு மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் கட்டணமும் இருக்கும். சைவம் உண்டா என்று பதியும்போதே கேளுங்கள்.

சீனச் சம்பந்தி 'யம் சா' என்னும் தேநீர்ச் சிற்றுண்டி விருந்துக்கு அழைத்தால், தேநீரை முதலில் பெரியவர் கிண்ணத்தில் ஊற்றுங்கள், கடைசியாக உங்களுடையதில். தேநீர்க் கெண்டி காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வையுங்கள், பணியாளர் வந்து வெந்நீர் நிரப்புவார்.

பழங்குடி நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பல சமூகங்களில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான். பெரியம்மா, சின்னம்மா என்று அழைத்து வளர்ந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆகவே "உன் சொந்த அம்மா யார்?" என்று துருவாதீர்கள். மூத்த பெண்களை ஆன்டி என்று அழைப்பது அங்கே மரியாதைப் பட்டம். மற்றவர்கள் அப்படி அழைப்பதைக் கேட்ட பிறகோ, அவரே சொன்ன பிறகோ அழையுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், 1970 வாக்கு வரை, பழங்குடிப் பிள்ளைகளை அரசே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. 1997இல் அதுபற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதல் மே 26 தேசிய மன்னிப்பு நாள். 2008 பிப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்னையர் தினம் கழிந்து இரண்டு, இரண்டரை வாரத்தில் அந்த மே 26 வருகிறது. பேரப்பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, தன் அம்மாவின் முகமே தெரியாமல் வளர்ந்தவராக இருக்கலாம்.

அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். என்ன கொண்டுபோகலாம்?

முதலில் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள். பார்வையாளர் நேரம் என்ன? அம்மாவுக்கு உணவும் நீரும் எந்த நிலை? விழுங்கச் சிரமப்படுவோருக்கு 0 முதல் 7 வரை எண்ணிட்ட சர்வதேச அளவுமுறை ஒன்று உண்டு. 4 என்றால் முழு மசியல், 5 என்றால் 4 மி.மீ. அளவில் நசுக்கிய ஈர உணவு, 6 என்றால் ஒன்றரை செ.மீ.க்கு மேற்படாத மென்துண்டுகள்.

ஆசையாகச் சமைத்துக்கொண்டு போகிறவர்கள் தவறுவது இங்கேதான். இடியப்பமும் சொதியும் மென்மையான உணவு என்று நினைக்கிறோம். ஆனால் நீர்த்த சொதி தொண்டைக்கு முந்தி ஓட, இடியப்பம் பின்தங்க, புரையேறும். களியும் குழைந்த பொங்கலும் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒட்டாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும். வழிந்து ஓடவும் கூடாது. வடிகட்டிய பருப்பு மசியல், கட்டித் தயிர், பழுத்த பப்பாளி மசியல் இந்தச் சோதனையில் தேறும். எதையும் ஊட்டுவதற்கு முன் தாதியிடம் காட்டுங்கள். முறுக்கு, கடலை வேண்டாம்.

உடுப்பு வாங்கினால் பருத்தி நைட்டி, முன்பக்கம் திறப்பதாக, பெயர் தைத்தது. இல்லங்களில் துணியைச் சுடுநீரில் மொத்தமாகத் துவைப்பார்கள். பட்டும் கம்பளியும் ஒரே தடவையில் கெட்டுப்போகும்.

மறதி நோய் வந்தவர்களுக்குப் பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சுவது உண்டு. வலி, தண்ணீர், குளிர், கழிவறை போன்ற 15 தமிழ்ச் சொற்களின் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில், ஆங்கிலப் பொருளோடு ஓர் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். "நோகுது" என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லியும் யாருக்கும் புரியாமல் போகிற நிலைமை அதோடு தீரும். நீங்கள் வாங்கிப்போகும் எந்தப் பரிசையும் விட இந்த அட்டை அவருக்கு உதவும்.

அம்மா இறந்துவிட்டார். அந்த நாளை எப்படிக் கழிப்பது?

ஈழத்தமிழர் வழக்கில் ஆடி அமாவாசை தந்தைக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. அம்மாவை இழந்தவர்கள் விரதமிருந்து, கோயிலுக்குப் போய், ஒருவேளை சாப்பிடும் நாள். ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வருவதால் அன்னையர் தினத்துக்குப் பக்கத்திலேயே விழும். ஊரில் அச்சிட்ட நாள்காட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். திதி தொடங்குவதும் முடிவதும் சிட்னி நேரத்தில் நாலரை மணி தள்ளி வரும், சில ஆண்டுகளில் நாளே மாறும். உள்ளூர்க் கோயிலில் கேளுங்கள்.

நேபாளிகள் காத்மாண்டுவுக்கு அருகில் உள்ள மாதா தீர்த்தக் குளத்தில் தங்கள் அன்னையர் நாளன்று நீராடுவார்கள். வூ லான் நாளில் வியட்நாமிய விகாரைக்குப் போனால் வாசலில் ரோஜா குத்திவிடுவார்கள். அம்மா இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. எந்தத் தட்டுக்குக் கை நீளுகிறது என்று பார்த்தே அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள், கேள்வி எதுவும் வராது.

புற்றுநோயில் அம்மாவை இழந்த பலர், 1998 முதல் நடந்துவரும் அன்னையர் தின நடை, ஓட்டத்தில் கலந்துகொள்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தொடங்கியது அது.

ஊரில் இருக்கும் அம்மாவை எந்த நேரத்தில் அழைப்பது?

மே மாதத்தில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகியவை சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 4.30 மணி நேரம் முந்தி, அடிலெய்ட், டார்வின் 4 மணி, பெர்த் 2.30 மணி. சிட்னியில் பகல் 12.30க்கு அழைத்தால் அங்கே காலை 8. டொரொன்டோ 14 மணி நேரம் பிந்தியது. சிட்னியில் ஞாயிறு காலை எழுந்ததும் அழைத்தால் அங்கே இன்னும் சனிக்கிழமை மாலை. ஞாயிறு இரவு 9 மணிக்கு அழையுங்கள், அங்கே ஞாயிறு காலை 7.

"எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறார் அம்மா. என்ன கொடுப்பது?

அவர் அரைக்கும் மிளகாய்த்தூளையோ சாம்பார்ப் பொடியையோ அவரோடு சேர்ந்து ஒரு முறை செய்யுங்கள். "எவ்வளவு மல்லி?" என்று கேட்டால் "ஒரு கை" என்றுதான் சொல்வார், கேட்டுக்கொண்டே இருந்தால் சலிப்பும் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு டப்பாவையும் அவர் எடுப்பதற்கு முன் சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள், எடுத்த பின் மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் அவர் கையளவு. வறுக்கும்போது கைபேசியில் பதிவு செய்யுங்கள், படத்தைவிட ஒலிக்காகவே. மல்லி பொரியும் சத்தம் எப்போது மாறுகிறது, எந்த இடத்தில் அவர் "போதும், இறக்கு" என்கிறார் என்பது அதில் இருக்கும். அந்த வாரமே அந்த அளவில் நீங்கள் தனியாகச் செய்து, ஒரு சிட்டிகை அவர் நாக்கில் வையுங்கள். வெந்தயம் கருகிவிட்டது என்பார். அடுத்த தடவை தீயைக் குறைத்து, வெந்தயத்தைத் தனியாக வறுத்துப் பாருங்கள்.